உறையாத பால்

“செத்தது எத்தனை பேர்?” என்று கேட்டான் மோப்பம்.

“கோடிக்கணக்குல,” என்றாள் பாப்பா.

மோப்பம் தன் முதலாளியம்மாவைத் திரும்பிப் பார்த்தான். “மேடம், அத்தனை பிணத்தையும் அடையாளம் காட்டி முடிக்கிறதுக்குள்ள நம்ம ஆயுசு முடிஞ்சிடும்.”

“வாயை மூடிட்டு உட்கார். நீ சொல்லும்மா.”

பாப்பா சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. வெள்ளம், தீ, விமான விபத்து என்று எதையும் குரல் பிசகாமல் வானொலியில் படிக்கிறவள் அவள். முப்பத்தைந்து வயதாகியும் வீட்டில் எல்லோருக்கும் பாப்பாதான் என்றாலும், வெளியே அவள் குரலுக்கென்று ஒரு மரியாதை உண்டு. அந்தக் குரல் இன்று காலையிலிருந்து சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

அவர்கள் உட்கார்ந்திருந்தது வீட்டின் கீழ்த்தளத்தில், பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில். கண்ணாடிக் கதவில் ‘இன்று விடுமுறை’ என்ற அட்டை தொங்கியது. சுவரில் ஒரு குடும்பம் ஈறு தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. உள்ளே சாய்வு நாற்காலியும் விளக்கும் துணி போர்த்தி நின்றன. அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் முப்பது வருஷம் நின்றவர் பாப்பாவின் அப்பா. தெருவில் எல்லோருக்கும் அவர் பல் டாக்டர். இப்போது மாடியில் படுத்த படுக்கையாகக் கிடந்தார்.

எதிரே இருந்த பெண்மணியைத் தெரிந்தவர்கள் சுங்கத்து மேடம் என்பார்கள். துறைமுகச் சுங்கத்தில் அடுத்தவர் பெட்டியைத் திறந்து திறந்தே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற பிறகு பெட்டிக்குப் பதிலாகக் குடும்பங்களைத் திறந்து பார்க்கிறார். மோப்பம் அதே துறைமுகத்தில் மோப்ப நாயைப் பார்த்துக்கொண்டவன். நாய்க்கு வயதாகி அது வீட்டோடு நின்றபோது இவனும் நின்றான். நாய் செய்த வேலை அவனுக்கு வந்தது, பட்டப்பெயரோடு சேர்த்து.

“அப்பாவுக்கு ரொம்ப வருஷமா சர்க்கரை,” என்று ஒருவழியாக ஆரம்பித்தாள் பாப்பா. “ஊசி அளவு ஏறிக்கிட்டே போச்சு. சர்க்கரை இறங்கலை. அப்புறம் ஈரல்ல கொழுப்பு படிஞ்சு அதுவும் கெட்டுப்போச்சு. ஈரல் வடிகட்ட வேண்டிய விஷமெல்லாம் மூளைக்கு ஏற ஆரம்பிச்சுது. ஒருநாள் என்னைப் பார்த்து, ‘எந்தப் பல்லும்மா வலிக்குது?’ன்னு கேட்டார். பெத்த பொண்ணை.”

மோப்பம் நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தான்.

“குடல் டாக்டர்கிட்ட போனோம். அவங்க சொன்னாங்க, நம்ம குடல் ஒரு ஊர் மாதிரியாம். கோடிக்கணக்கான கிருமிங்க அங்க குடித்தனம் பண்ணுது. நல்லதுங்க இருக்கிறவரைக்கும் சாப்பாடு சாப்பாடா இருக்கும். அப்பாவோட ஊர்ல நல்லதெல்லாம் காலி. இருக்கிறதெல்லாம் ரவுடி. மருந்து மட்டும் கொடுத்தா பத்தாது, ஆரோக்கியமான ஒருத்தர் குடல்ல இருக்கிற கிருமிங்களைக் கொண்டுவந்து இங்க குடியேத்திப் பார்ப்போம்னாங்க.”

“எப்படி எடுப்பாங்க?” என்றான் மோப்பம்.

“மலத்துல இருந்து. சுத்தம் பண்ணி, குழாய் வழியா தவணை தவணையா உள்ளே அனுப்புவாங்க.”

மோப்பம் நாற்காலியில் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார்ந்தான். “மேடம், துறைமுகத்துல எத்தனை பேர் அந்த வழியில தங்கம் கடத்தினாங்க. எல்லாரையும் பிடிச்சோம். கடைசியில பார்த்தா அங்க இருக்கிறதே தங்கம்தானாம்.”

மேடம் சிரிக்கவில்லை. “வேலை செஞ்சுதா?”

“அப்படி வேலை செஞ்சுது!” பாப்பாவின் முகம் ஒரு கணம் வெளிச்சமாயிற்று. “ஊசி அளவு பாதியாச்சு. புத்தி தெளிஞ்சு, தானே படியிறங்கிக் கீழே வந்து, கருவியை வச்சிருக்கிற லட்சணத்தைப் பார்னு மாப்பிள்ளையைத் திட்டற அளவுக்குத் தேறிட்டார். அவர் திட்டத் திட்ட நாங்க சந்தோஷப்பட்டோம். ரெண்டு வாரம் முன்னாடி எல்லாம் சரிஞ்சுபோச்சு. டாக்டர் சோதிச்சுப் பார்த்தாங்க. குடியேத்தின கிருமி ஒண்ணுகூட இல்லை. ரத்தத்துல, பல் வீக்கத்துக்குக் கொடுப்பாங்களே, அந்தக் கிருமிக்கொல்லி மருந்து இருக்குன்னு சொன்னாங்க. அதை யாருமே அவருக்குக் கொடுக்கலை.”

“இப்ப என்ன சொல்றாங்க டாக்டர்?”

“இன்னும் ஒரு தடவை பண்ணலாமாம். அதுக்கு மேல ஈரல் தாங்காது. ஆனா கொல்றது யாருன்னு தெரியாம மறுபடி கொடுத்தா ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்துற கதைதான்னாங்க. சாயங்காலத்துக்குள்ள தெரியலைன்னா போலீஸுக்குச் சொல்லித்தான் ஆகணுமாம்.”

“போலீஸ் வந்தா யாரைப் பிடிப்பாங்க?”

“என்னைத்தான்,” என்று பதில் வந்தது, வாசலிலிருந்து.

பாப்பாவின் கணவன் நின்றிருந்தான். அவனும் பல் மருத்துவன். மாமனார் படுத்ததிலிருந்து கீழ்த்தளம் அவன் பொறுப்பு. சட்டை கசங்கியிருந்தது. முகம் அதைவிடக் கசங்கியிருந்தது.

“நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன். அந்த மருந்து கீழே அலமாரியில இருக்கு. அதுல ஒரு பெட்டி குறையுது. பகல் முழுக்க சாவி அலமாரியிலேயேதான் தொங்கும். மாமாவுக்குச் சர்க்கரை ஊசி போடுறதும் நான்தான். வாசல் போர்டுல என் பேரையும் சேர்க்கணும்னு கேட்டேன். முடியாதுன்னுட்டார். போதுமா?”

“போதாது,” என்றார் மேடம். “இவ்வளவையும் ஒரு குற்றவாளி தானா வந்து சொல்ல மாட்டான். ரொம்பக் கெட்டிக்காரக் குற்றவாளியா இருந்தா சொல்லுவான். நீங்க எந்த ரகம்னு இன்னும் தெரியலை. சமையலறை எங்கே?”

சமையலறையில் பாப்பாவின் அம்மா கஞ்சியைத் துழாவிக்கொண்டிருந்தார். வந்தவர்களைப் பார்த்துத் தலையசைத்தார். மாப்பிள்ளை இருந்த பக்கம் மட்டும் பார்வை போகவில்லை. நேற்று வரைக்கும் அவனுக்குப் பிடித்த பலகாரமாகப் பார்த்துப் பார்த்துச் செய்தவர்.

“இந்த வீட்டுக்குக் கண்ணு பட்டுடுச்சும்மா,” என்றார் மேடத்திடம். “எதைத் தொட்டாலும் விளங்கலை. பால்கூட உறைய மாட்டேங்குது.”

கதவுப் பக்கம் போன மேடம் நின்றார். “என்ன சொன்னீங்க?”

“தயிர்தான். ரெண்டு வாரமா இப்படித்தான். பக்கத்து வீட்டுல உறை வாங்கி ஊத்துறேன். அதே உறையில அவங்க வீட்டுத் தயிர் கத்தி போட்டு வெட்டலாம் போல நிக்குது. இங்க காலையில மூடியைத் திறந்தா தண்ணியா கிடக்கு. குளிர்னு நினைச்சேன்.”

மேடம் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். “டாக்டர் சார், பால் எதனால தயிராகுது?”

“கிருமியால,” என்று சொன்னவன் பாதியிலேயே நிமிர்ந்தான். “ஐயோ. அந்த மருந்துக்குக் குடல் கிருமி, தயிர்க் கிருமின்னு வித்தியாசம் தெரியாது. பால்ல அது இருந்தா...”

“தயிர் உறையாது. ரெண்டு வாரமா இந்தப் பானை கத்திட்டு இருந்திருக்கு. யாருக்கும் காதுல விழலை.” மேடம் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டார். “பால்ல மட்டும்தானா, வேற எதுலயும் கலக்கறாங்களான்னு இப்பவே பார்த்துடலாம். அவர் வாய்க்குப் போற எல்லாத்துலயும் கொஞ்சம் எடுத்து வைங்க. மோப்பம், பக்கத்து வீட்டுக்குப் போ. நல்ல பாலும் உறையும் வாங்கிட்டு வா.”

“மேடம், இத்தனை வருஷ சர்வீஸ்ல போதை மருந்து பிடிச்சிருக்கோம், வைரம் பிடிச்சிருக்கோம். கடைசியில தயிர் வாங்கப் போறேன். நாய்க்குத் தெரிஞ்சா சிரிக்கும்.”

மேசையில் கிண்ணங்கள் வரிசையாக வந்தன. ஒன்றில் வீட்டுப் பால் மட்டும். மற்றவற்றில் பக்கத்து வீட்டுப் பாலை ஊற்றி, ஒன்றில் குடிதண்ணீர், ஒன்றில் கஞ்சி, ஒன்றில் காய்கறி சூப், ஒன்றில் பழக்கூழ், ஒன்றில் டாக்டர் கொடுத்த நார்ச்சத்துப் பொடி, கடைசியில் மாத்திரைப் பொடி என்று கலந்தார்கள்.

“மாத்திரையை ஏன் பொடிக்கிறீங்க?” என்று கேட்டார் மேடம்.

“முழுசா கொடுத்தா அவருக்குத் தொண்டையில நின்னுடும்,” என்றார் அம்மா. “எல்லாத்தையும் பொடிச்சு நானே ஊட்டுவேன். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துட்டுத்தான் நகருவேன். அந்த வழியா யாரும் எதையும் நுழைக்க முடியாது.”

பாலும் உறையும் வாங்கப் போன மோப்பம் இன்னொரு செய்தியும் கொண்டுவந்திருந்தான். “தெருமுனையில ஒரு ஆள் காலையிலேர்ந்து நிக்கிறாராம். நரைச்ச மீசை, முறுக்கின கயிறு மாதிரி உடம்பு. கையில ஒரு ஐஸ் பெட்டி. குச்சி ஐஸ் விக்கிறவர்னு நினைச்சு ஒண்ணு கொடுங்கன்னேன். எரிச்சிடுற மாதிரி பார்த்தார். அவர் கண்ணு இந்த வீட்டு மாடியை விட்டு நகரலை மேடம்.”

பாப்பா, கழுவிக் கவிழ்த்த கிண்ணத்தை எடுத்து மறுபடி கழுவினாள். மேடம் அதைக் கவனித்தார்.

எல்லாக் கிண்ணங்களிலும் மோப்பம் உறை ஊற்றினான். அவற்றை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, கம்பளியால் போர்த்தி மூடினார்கள். இனி காத்திருக்க வேண்டியதுதான்.

காத்திருப்பதைப் போலக் கொடுமை உலகத்தில் வேறு கிடையாது. பாப்பா மாடிக்குப் போனாள். அப்பா கண்ணை மூடியிருந்தார். ஈரல் கெட்டவர்களிடம் வரும் அந்த இனித்த, புளித்த வாடை அறையில் நின்றது. கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் மூக்குக்கண்ணாடியும், ஒரு பீங்கான் டம்ளரும், அவர் படிப்பு முடித்த காலத்தில் செய்த சுண்ணாம்புப் பல் அச்சும் இருந்தன.

“அப்பா, கையை நீட்டுங்க.”

நீட்டினார். விரல்கள் தாமாகத் தொய்ந்து தொய்ந்து எழுந்தன, பறக்கத் தெரியாத குஞ்சு இறக்கை அடிப்பது போல. விஷம் மூளைக்கு ஏறுகிறது என்பதற்கு அது அடையாளம். நேற்றைவிட இன்று அதிகம்.

“சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்பா. இன்னொரு தடவை...”

“வேண்டாம்.”

“உங்களுக்கு நல்லாயிடும்பா.”

“வேண்டாம்னேன்.” கண்ணைத் திறக்காமலே சொன்னார். “நான் இங்கேயே இருக்கேன். கதவைச் சாத்திட்டுப் போ.”

அவள் படிக்கட்டில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு படி கீழே கணவன் உட்கார்ந்திருந்தான். எட்டு வருஷம் ஒரே வீட்டில், ஒரே படுக்கையில் இருந்த மனிதனின் பிடரியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கேட்கக்கூடாது என்று பல்லைக் கடித்தாள். வாய் கேட்டுவிட்டது.

“நீங்க இல்லைதானே?”

அவன் திரும்பிப் பார்த்தான். கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் மெல்ல எழுந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கிழவனைப் போலப் படியிறங்கிப் போனான்.

வெயில் சமையலறையின் மேற்கு ஜன்னலுக்கு வந்தபோது மேடம் கம்பளியை விலக்கினார். அம்மா, பாப்பா, மாப்பிள்ளை, மோப்பம் எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றார்கள்.

முதலில் வீட்டுப் பால். மேடம் கிண்ணத்தைச் சாய்த்தார். அசையவில்லை. உறைந்திருந்தது.

“இது எப்படி?” என்றார் மேடம். அவர் குரலில் முதல் தடவையாகச் சுருதி இறங்கியது. “பால்தான் குற்றவாளின்னு நினைச்சேன்.”

அடுத்த கிண்ணம் உறைந்திருந்தது. அதற்கடுத்ததும். சூப் கலந்தது கொஞ்சம் திரிந்திருந்தாலும் உறைந்துதான் இருந்தது. மாத்திரைப் பொடி கலந்ததை மோப்பம் தலைகீழாகக் கவிழ்த்தே காட்டினான். ஒரு சொட்டு விழவில்லை.

அத்தனையும் உறைந்துவிட்டன. அத்தனையும் நிரபராதி.

“அப்போ சாப்பாட்டுல இல்லை,” என்றார் அம்மா. அவர் பார்வை முதல் தடவையாக மாப்பிள்ளை மேல் போய் நின்றது. “வாய் வழியா இல்லைன்னா அப்புறம் ஊசி வழியாத்தான். ஊசி போடுறது யாரு?”

மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்து மேசையில் வைத்தான். “போலீஸைக் கூப்பிடுங்க அத்தை. இந்த வீட்டுல இப்படி நிக்கறதுக்கு அங்க போய் உட்காரலாம்.”

பாப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்து உட்கார்ந்தாள். அப்பா போகப்போகிறார். கணவனும் போகப்போகிறான். இரண்டையும் தடுக்கக் காலையில் எஞ்சியிருந்த ஒரே நூல் இந்தக் கிண்ணங்களில் அறுந்துவிட்டது.

அந்த நேரத்தில் ஸ்பூன் சத்தம் கேட்டது. மோப்பம் முதல் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“யோவ்!” என்று அதட்டினார் மேடம்.

“காலையிலேர்ந்து பட்டினி மேடம். இது வெறும் பால்தானே, கலப்படம் இல்லை.” நாக்கைச் சப்புக்கொட்டினான். “என்ன கெட்டி! ஏம்மா, இதே பாலு, இதே உறை. நான் ஊத்தினா இப்படி உறையுது. நீங்க ஊத்தினா மட்டும் ஏன் தண்ணியா போகுது? கைராசியா?”

அம்மாவுக்குச் சுருக்கென்றது. “என் கைக்கு என்ன குறைச்சல்? கல்யாணமான நாள்லேர்ந்து ஒருநாள் தவறாம உறை ஊத்தின கை இது.”

மேடம் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார். “அம்மா, நிதானமா சொல்லுங்க. நீங்க உறை ஊத்துறதும் இதே பால்தானா? வேற எதையும் சேர்க்கறதில்லையா?”

“வேற என்னத்தைச் சேர்ப்பேன்? அதே பால்தான். ராத்திரி அவருக்கு ஒரு டம்ளர் பால் கொண்டுபோய் வைப்பேன். இப்பல்லாம் பாதிதான் குடிக்கிறார். மீதியைக் கொட்ட மனசு வருமா? பானையிலேயே ஊத்திடுவேன். நான் ஒருத்திதான் தயிர் சாப்பிடுறேன், கட்டின புருஷன் எச்சில்ல என்ன இருக்கு?”

மேடம் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு தன் நெற்றியில் தானே தட்டிக்கொண்டார்.

“முப்பது வருஷம் சுங்கத்துல இருந்து என்ன பிரயோஜனம்? இறக்குமதியை மட்டும் சோதிச்சிருக்கேன். ஏற்றுமதியை விட்டுட்டேன்.” பாப்பாவின் பக்கம் குனிந்தார். “பாப்பா, இங்கேருந்து மாடிக்குப் போறது நல்ல பால். உறையுது. மாடியிலேர்ந்து திரும்பி வர்றது கெட்ட பால். உறைய மாட்டேங்குது. நடுவுல அந்த அறையில யாரும்மா இருக்காங்க?”

“யாருமில்லை. கதவைச் சாத்திட்டுத்தான்... அப்பா மட்டும்தான்...”

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது.

“சாகணும்னு நினைக்கிற மனுஷன் இவ்வளவு சுத்தி வளைக்க மாட்டார்,” என்றார் மேடம். “அவர் தன்னைக் கொல்லப் பார்க்கலை. அந்தக் கிருமிங்களைத்தான் கொல்றார். இப்பச் சொல்லு. அந்தக் கிருமி யாரோடது? தெருமுனையில நிக்கிறவரோடதா?”

பாப்பா முகத்தை மூடிக்கொண்டாள். “சித்தப்பா. அப்பாவோட கூடப் பிறந்த தம்பி. ஆஸ்பத்திரியில யாரோ முன்பின் தெரியாதவர்னுதான் அப்பாகிட்ட சொன்னோம். இன்னிக்குச் சாயங்காலத்துக்கும் அவரையேதான் வரச் சொல்லியிருக்கேன்.”

மோப்பத்தின் கையிலிருந்த ஸ்பூன் கிண்ணத்தில் விழுந்தது. “அப்போ அந்தப் பெட்டியில... நான் குச்சி ஐஸ் கேட்டேனே...” வாயைப் பொத்திக்கொண்டு வாஷ்பேசின் பக்கம் போனான்.

பத்து வருஷமாகப் பேச்சில்லை என்று பாப்பா சொன்னாள். தாத்தா செயற்கை மூச்சில் கிடந்தபோது அப்பா வெளியூரில் இருந்தார். இனிப் பயனில்லை என்று மருத்துவர்கள் சொல்ல, கருவியை நிறுத்தச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவர் சித்தப்பா. அப்பா வந்து சேர்ந்தபோது தாத்தாவின் முகத்தில் துணி மூடியிருந்தது. அன்றைக்கு அறுந்ததுதான். மின்கம்பம் ஏறிப் பிழைக்கும் அந்த மனிதர், பாப்பா போய்க் கேட்டதும் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. எந்தக் கிண்ணத்தில் கொடுக்கணும் என்று மட்டும் கேட்டார்.

எல்லோரும் மாடிக்குப் போனார்கள்.

மேடம் டம்ளரைத் தொடவில்லை. மூக்குக்கண்ணாடியைத் தொடவில்லை. நேராகப் போய்ச் சுண்ணாம்புப் பல் அச்சை எடுத்து, மேல்தாடையைத் தூக்கினார். குடைந்த அண்ணத்துக்குள் பஞ்சு. பஞ்சுக்குள் சிவப்பும் மஞ்சளுமாகக் கேப்ஸ்யூல் மாத்திரைகள். உள்ளிருக்கும் பொடியை மட்டும் பாலில் கொட்டிக்கொள்ள வசதியாகச் சில ஏற்கெனவே திறந்து காலியாக இருந்தன.

“பல் டாக்டர் வாய்க்குள்ளதானே ஒளிப்பார்,” என்று முணுமுணுத்தான் மோப்பம். அவனுக்கே அது சிரிப்பாக இல்லை.

பல் டாக்டர் கண்ணைத் திறந்தார். இப்போது தெளிவாக இருந்தது பார்வை. பிடிபட்டவரின் தெளிவு.

“தெரிஞ்சுபோச்சா?”

“ஏன்பா?” என்றாள் பாப்பா.

“அடுத்த தவணைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனோமே, அன்னிக்கு ஜன்னல்ல நின்னுட்டிருந்தேன். கீழே ஒருத்தன் பெட்டியைத் தூக்கிட்டு வந்தான். அவன் நடை எனக்குத் தெரியாதா? நான்தான் அவனுக்கு நடக்கவே சொல்லிக்கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் கீழே போய் அலமாரியைத் திறந்தேன்.” மூச்சு வாங்கியது. “எங்கப்பா மூச்சை நிறுத்தச் சொன்னவன். எனக்காக அரை நாள் காத்திருக்க முடியலை அவனுக்கு. அவனோடது என் உடம்புக்குள்ள இருக்குன்னு நினைச்சாலே கூசுது. அங்க ஒரு உயிரை எடுத்துட்டு இங்க ஒண்ணைக் கொடுத்துச் சரிக்கட்டறானா? எனக்கு வேண்டாம்.”

“உங்க வீம்புக்கு ஜெயிலுக்குப் போக இருந்தது யார் தெரியுமா?” என்று வெடித்தார் அம்மா. “மாப்பிள்ளை. பெத்த பிள்ளையா நினைச்சவரை நான் காலையிலேர்ந்து கொலைகாரனா பார்த்துட்டு நிக்கிறேன்.”

“மாப்பிள்ளை மேலயா?” அவர் தலையை உயர்த்தப் பார்த்தார். முடியவில்லை. வாசலில் நின்ற மருமகனைத் தேடியது கண். “அப்படி ஆகும்னு... எனக்குத் தோணவே இல்லை.”

பாப்பா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கெஞ்சவில்லை. கெஞ்சுவதற்கு அவளிடம் தெம்பும் இல்லை.

“சித்தப்பாகிட்ட முதல்லயே போகலைப்பா. டாக்டர் முதல்ல என்னைத்தான் சோதிச்சாங்க. என்னோடது ஆகாதுன்னுட்டாங்க. எனக்கும் சர்க்கரை ஆரம்பிச்சிருக்கு. உங்களுக்கு வந்த மாதிரியே வருதாம். உங்ககிட்ட சொல்லலை.”

அவர் அவளையே பார்த்தார்.

“நாளைக்கு எனக்கும் ஈரல் கெட்டா, நானும் சித்தப்பாகிட்டதான் போய் நிக்கணும். நம்ம குடும்பத்துல தேறினது அவர் ஒருத்தர்தான். அப்ப நீங்க என்ன பண்ணுவீங்க? என் பாலுலயும் இதைக் கலப்பீங்களா?”

பல் டாக்டரின் கை போர்வையிலிருந்து வெளியே வந்து, நடுங்கி நடுங்கி, மேடம் மேசையில் வைத்திருந்த பல் அச்சைத் தொட்டது. அதைப் பிடிக்க விரல்களுக்குப் பலம் இல்லை. புறங்கையால் தள்ளினார். அது விளிம்பு வரைக்கும் நகர்ந்து, விழுந்து, இரண்டாக உடைந்தது. மாத்திரைகள் தரையெங்கும் உருண்டன.

“பெருக்கித் தள்ளிடு,” என்றார். “உனக்கு எப்போலேர்ந்து பாப்பா சர்க்கரை? ஏன் என்கிட்ட...”

அந்த வாக்கியம் முடியவில்லை. கண் மேலே செருகியது. வாய் எதையோ மென்றது. மாப்பிள்ளை ஓடிவந்து நாடி பிடித்தான், கன்னத்தைத் தட்டினான். “மாமா! மாமா, இங்க பாருங்க!” பிறகு பாப்பாவிடம், “காத்திருக்க முடியாது. இப்பவே போகணும். ஸ்ட்ரெச்சர் இந்தப் படியில திரும்பாது.”

பாப்பா ஜன்னலுக்கு ஓடினாள். கொக்கி மாட்டிக்கொண்டு திறக்கவில்லை. முஷ்டியால் குத்தித் திறந்தாள்.

“சித்தப்பா!”

தெரு முழுக்கக் கேட்டது. பத்து வருஷமாக அந்த வீட்டில் யாரும் உரக்கச் சொல்லாத சொல். தெருமுனையில் நின்ற மனிதர் ஒரு கணம் அசையவில்லை. பிறகு ஓடிவந்தார்.

இரண்டிரண்டு படியாக ஏறி வந்தவர் அறை வாசலில் தயங்கி நின்றார். “அண்ணி, நான் உள்ளே வரலாமா?”

அம்மா அவர் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டார்.

சித்தப்பா குனிந்து, ஒரு கையை அண்ணனின் முதுகுக்கடியிலும் ஒரு கையை முழங்காலுக்கடியிலும் கொடுத்துத் தூக்கினார். காய்த்துப்போன கைகள். தூக்கிய ஆட்டத்தில் பல் டாக்டர் கண் விழித்தார். மிகப் பக்கத்தில் ஒரு முகம். நரைத்த மீசை, அகன்ற நெற்றி. அவர் அந்த முகத்தையே பார்த்தார். கண்ணில் மஞ்சள் படர்ந்திருந்தது, பார்வையில் தெளிவு இல்லை. ஆனால் முகம் குழந்தையினுடையதைப் போலத் தளர்ந்து மலர்ந்தது.

“அப்பா,” என்றார். “நான் வர்றதுக்கு லேட்டாயிடுச்சுப்பா.”

சித்தப்பா, நான் அப்பா இல்லை அண்ணா என்று சொல்லப்போகிறார் என்றுதான் பாப்பா நினைத்தாள். அவர் அண்ணனின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

“பரவாயில்லை. வந்துட்டேல்ல,” என்றார். “வாடா, போகலாம்.”

பல் டாக்டர் தம்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

மாப்பிள்ளை முன்னால் இறங்கி வழிவிட்டான். அம்மா அவன் பின்னாலேயே போய், “மாப்பிள்ளை, பார்த்துப் போங்க, படி வழுக்கும்,” என்றார். அதற்கு மேல் அவருக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. அவன் திரும்பாமல் கையை மட்டும் பின்னால் நீட்டினான். அம்மா அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பாப்பா கடைசியில் வந்தாள். அவனிடம் தானும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. அதற்கு ஒரு ராத்திரி போதாது.

மேடத்தின் கைபேசி அடித்தது. குடல் டாக்டர்.

“கொல்றவர் யாருன்னு தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது.”

“போலீஸுக்குச் சொல்லட்டுமா?”

மேடம் படிக்கட்டின் கீழே பார்த்தார். வாசலில் மோப்பம் காரின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். தம்பி அண்ணனை நெஞ்சோடு அணைத்தபடி உள்ளே குனிந்து ஏறிக்கொண்டிருந்தார்.

“வேண்டாம் டாக்டர்,” என்றார் மேடம். “குற்றவாளியைக் கையோட கூட்டிட்டு வர்றோம். கட்டிலைத் தயார் பண்ணுங்க.”